நார்த்தை போன தூரம்

(மீன்சுருட்டியில் தை மாத மாலை ஒன்றில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொங்கல் முடிந்து கரும்புச் சக்கை தெருவோரம் காய்ந்து கிடக்கும் இந்த நாள்களில், கடைத்தெருவில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஆயாவின் முன்னால் ஒரு குவியலைப் பார்க்கலாம். பாதி பச்சை, பாதி மஞ்சள். தோல் மேடும் பள்ளமுமாக இருக்கும். கையில் எடுத்தால் கனக்கும். நகத்தால் லேசாகக் கீறினால் போதும், மணம் ஆளைத் தூக்கும். நார்த்தங்காய்தான் அது. வாங்க வருகிறவர்களைக் கவனித்தால், தலை நரைத்தவர்களே அதிகம்.

இளையவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். காய்ச்சல் கண்ட வாய்க்குக் கஞ்சியோடு பாட்டி வைத்த கறுத்த துண்டு என்பதற்கு மேல் அவர்களுக்கு அதனோடு பழக்கமில்லை. அதே பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு மொராக்கோ உணவகத்தில் கோழிக்கறியின் மேல் கிடக்கும் மஞ்சள் தோலைச் சுவைத்துவிட்டு, இது என்ன புதுச் சுவை என்று வீட்டுக்குப் படம் அனுப்புகிறார்கள். அது உப்பில் ஊறிய எலுமிச்சை. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து வீடுகளில் பரண்மேல் ஜாடியில் கிடக்கிற அதே சங்கதி. இன்றைய பேச்சு இந்த இரண்டு ஜாடிகளைப் பற்றியது.

இதை மீன்சுருட்டியில் பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு. சில கல் தொலைவில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அங்கிருந்து ஆண்ட முதலாம் இராசேந்திரனின் கப்பல் படை 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடாரம் வரை போனது. இன்றைய மலேசியாவின் கெடா மாநிலப் பகுதிதான் அந்தக் கடாரம். கடாரங்கொண்டான் என்ற பட்டம் அப்படி வந்தது. நார்த்தங்காய்க்குப் பங்காளியாக ஒரு காய் உண்டு: கடாரங்காய். சில ஊர்களில் கிடாரங்காய் என்பார்கள். கடாரத்திலிருந்து வந்ததால் கடாரங்காய் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெயரை வைத்து மக்கள் சொல்லிவரும் விளக்கம் அது. கல்வெட்டில் பொறித்த செய்தியல்ல. ஆனாலும் கடல் கடந்து போன படையின் நினைவை ஒரு ஊறுகாய்க் காயின் பெயரில் இந்த வட்டாரம் சுமந்துகொண்டிருப்பது சாதாரணமான காரியமில்லை.

எலுமிச்சைக் குடும்பம் ஓரிடத்தில் நின்ற குடும்பமே அல்ல என்பதற்கு உறுதியான சான்று வேறு இடத்தில் இருக்கிறது. 2018-இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் பல நாட்டு அறிவியலாளர்கள் சேர்ந்து இந்தக் குடும்பத்தின் மரபணுக்களை அலசி எழுதினார்கள். கிழக்கு அசாம், வடக்கு மியான்மர், சீனத்தின் மேற்கு யுன்னான் ஆகியவை சந்திக்கும் இமயமலை அடிவாரமே பிறந்த வீடு என்றும், அங்கிருந்து சுமார் 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இனங்கள் கிளைக்கத் தொடங்கின என்றும் அவர்கள் கண்டார்கள். பம்பளிமாசு, கமலா ஆரஞ்சு, சிட்ரான் எனப்படும் தடித்த தோல் நார்த்தை வகை ஆகிய மூன்றும் முக்கியமான மூதாதைகள். மற்றவற்றில் பெரும்பாலானவை கலப்பில் பிறந்தவை. பம்பளிமாசும் கமலாவும் கூடிக் கசப்பு ஆரஞ்சு பிறந்தது. அந்தக் கசப்பு ஆரஞ்சும் சிட்ரானும் கூடித்தான் மத்தியதரைக்கடல் நாடுகளின் பெரிய மஞ்சள் எலுமிச்சை பிறந்தது. நம் நாட்டு எலுமிச்சை வேறு. அதற்கும் சிட்ரான் ஒரு பக்கத்துப் பெற்றோர்தான். மறுபக்கம் தென்கிழக்காசியத் தீவுகளின் சிறிய காட்டு இனம் ஒன்று.

சமையலுக்கு இந்த உறவுமுறை முக்கியம். மத்தியதரைக்கடல் நாட்டினரின் எலுமிச்சைக்குத் தடித்த தோல்; நம்முடையதற்குத் தோல் மெல்லிசு, சாறு அதிகம். அதனால் அவர்கள் தோலை உண்ணக் கற்றார்கள், நாம் சாற்றைப் பிழியக் கற்றோம். தோல் வேண்டுமென்றால் நம்மிடம் நார்த்தையும் கடாரையும் இருக்கின்றன.

சிட்ரான்தான் மேற்கே முதலில் போன பழம். எருசலேம் அருகே ராமத் ராகேல் என்ற இடத்தில், பாரசீகர் ஆட்சிக்கால அரண்மனைத் தோட்டத்தின் சுண்ணாம்புப் பூச்சில் அதன் மகரந்தம் ஒட்டிக்கொண்டிருந்ததைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய மகரந்தம். ரோமாபுரியின் பெருமன்றத்தில் எலுமிச்சையின் எச்சம் இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையோடு கிடைத்திருக்கிறது. கசப்பு ஆரஞ்சை அரேபியர்கள் கொண்டுபோய்ச் சிசிலியிலும் ஸ்பெயினிலும் நட்டார்கள். இனிப்பு ஆரஞ்சு அங்கே போய்ச் சேர்ந்தது 15, 16-ஆம் நூற்றாண்டுகளில்தான்.

மரம் போனபோது பெயரும் கூடவே போனது. தமிழில் நாரத்தை, நாரங்கம். வடமொழியில் நாரங்க. பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிய மொழியில் நரான்ஹா, கிரேக்கத்தில் நெரான்ட்சி. இத்தாலிய மொழியில் முதல் ‘ந’ எழுத்து உதிர்ந்து அரான்சா ஆனது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஆரஞ்சு என்று நின்றது. சொல்லின் வேர் திராவிட மொழிகளில் இருக்கிறது என்பது சொல்லாராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் நரந்தமும் ஒன்று. அதை நாரத்தம்பூ என்றே பொருள் கொண்டு வருகிறார்கள். ஏதென்ஸ் நகரத்து மூதாட்டி ஒருவர் நெரான்ட்சி என்று சொல்வதை மீன்சுருட்டி மூதாட்டி காது கொடுத்துக் கேட்டால், எந்தக் காயைச் சொல்கிறார் என்று பாதியாவது பிடிபட்டுவிடும்.

மத்தியதரைக்கடல் நாடுகளில் குளிர்காலம் என்பது மழைக்காலம். கோடை வறண்டு கிடக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை, மற்ற மரங்கள் இலையுதிர்த்து நிற்கும்போது, எலுமிச்சையும் ஆரஞ்சும் இலைப்பசுமையோடு பழுத்துத் தொங்கும். இரவுக் குளிர் பட்டால்தான் தோலின் பச்சையம் கரைந்து மஞ்சளும் செம்மஞ்சளும் வெளியே வரும். நம் வெப்பத்தில் அது முழுதாக நடப்பதில்லை. சாத்துக்குடி உள்ளே பழுத்து இனித்தாலும் வெளியே பச்சையாகவே இருப்பது இதனால்தான். அதைக் காய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. சிசிலித் தீவில் எட்னா எரிமலையைச் சுற்றி விளையும் இரத்த ஆரஞ்சு இதற்கு நேர் எதிர் எடுத்துக்காட்டு. பகல் வெயில், இரவுக் கடுங்குளிர் என்று மாறி மாறி வரும்போது அதன் சுளையில் நாவற்பழ நிறம் ஏறுகிறது. குளிர் இல்லாத ஊரில் அதே மரத்தை நட்டால் சுளை வெளுத்துத்தான் போகும்.

அங்கே சமைக்கிறவர்கள் இந்தப் பழங்களிடம் மூன்றைக் கேட்கிறார்கள்: புளிப்பு, மணம், கசப்பு. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நம் அடுப்படியும் உடன் தெரியும்.

புளிப்பிலிருந்து தொடங்கலாம். கிரேக்கர்களின் அவ்கோலெமோனோ என்ற சூப்பு ஒரு நல்ல பாடம். கோழி வேகவைத்த நீரில் கொஞ்சம் அரிசி போட்டுக் குழைய விடுவார்கள். தனிக் கிண்ணத்தில் முட்டையை நுரைக்க அடித்து எலுமிச்சைச் சாற்றைக் கலப்பார்கள். பிறகு சூடான சாற்றை ஒவ்வொரு கரண்டியாக அதில் விட்டு விட்டுக் கலக்கி, கடைசியில் எல்லாவற்றையும் பானைக்குத் திருப்புவார்கள். அதன்பின் கொதி வரக்கூடாது. வந்தால் முட்டை திரிந்துவிடும். மோர்க்குழம்பு வைக்கிற எந்தத் தாய்க்கும் இந்த எச்சரிக்கையை யாரும் சொல்லித்தர வேண்டாம். நுரை கட்டியதும் இறக்குகிற கை அது.

எலுமிச்சை ரசத்துக்கும் எலுமிச்சைச் சாதத்துக்கும் அடுப்பை அணைத்த பிறகுதான் சாறு பிழிய வேண்டும் என்று வீடுகளில் சொல்வதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. முழுப் பழத்தில் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. பழத்தை அறுத்துப் பிழிந்ததும், சாற்றின் அமிலம் அதை லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மெல்ல மாற்றுகிறது. சூடு அந்த மாற்றத்தை விரட்டுகிறது. காலையில் பிழிந்து வைத்த சாறு மாலையில் கசப்பதும், கொதிக்கவிட்ட ரசம் கசப்பதும் ஒரே காரணத்தால்தான். லிமோனின் என்ற பெயர் தெரியாமலே நம் பாட்டிமார்கள் அதன் குணத்தைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அடுத்தது மணம். அது சாற்றில் குறைவு, தோலில் நிறைவு. தோலின் மேற்பரப்பில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரிபவை எண்ணெய்ப் பைகள். இத்தாலியில் எலுமிச்சையை மெல்லிய துருவியில் உரசி, வெள்ளைப் பகுதி வருமுன் நிறுத்திவிடுவார்கள். அந்த மஞ்சள் தூள் கேக்கிலும் மீனிலும் மாவுப் பண்டங்களிலும் விழும். துனிசியாவின் நபூல் நகரில் கசப்பு ஆரஞ்சுப் பூவை வாலையில் வடித்து நறுநீர் எடுக்கிறார்கள். மொராக்கோவில் ஆரஞ்சு வில்லைகளின் மேல் இலவங்கப்பட்டைப் பொடியைத் தூவி, அந்தப் பூநீரையும் தெளித்து உணவின் முடிவில் வைப்பார்கள்.

நம்மவர்கள் மணத்தைத் தேடிப்போனது இலையில். நீர்மோரில் கசக்கிப் போடும் நார்த்த இலைக்கு ஈடு எந்தத் துருவிக்கும் இல்லை. அதைவிடப் பெரிய சாதனை வேப்பிலைக்கட்டி. பெயர்தான் வேப்பிலை, உள்ளே இருப்பது நார்த்தை, எலுமிச்சை ஆகியவற்றின் தளிரும் இளம் இலையும். நடு நரம்பைக் கிழித்தெறிந்துவிட்டு, இலையை ஓமம், காய்ந்த மிளகாய், பெருங்காயம், புளி, உப்பு சேர்த்து உரலில் இடிப்பார்கள். தண்ணீர் ஒரு சொட்டுக் கூடாது. இடிக்க இடிக்க இலையின் எண்ணெயே அதைத் திரட்டும். கரும்பச்சை உருண்டை மாதக் கணக்கில் கெடாது. தயிர்ச்சோற்றுக்கு ஒரு கிள்ளு போதும். மத்தியதரைக்கடல் சமையல் நூல்களில் பழமும் பூவும் தோலும் நிறைய வரும். இலையையே இடித்து உணவாக்குவதில் நம் வீடுகளுக்குத் தனி இடம் உண்டு.

மூன்றாவது கசப்பு. இதில்தான் மனிதர்களின் பொறுமை வெளிப்படுகிறது. ஸ்பெயினின் செவில் நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கான கசப்பு ஆரஞ்சு மரங்கள் நிழல் தருகின்றன. குளிர்காலம் முழுவதும் பழம் தொங்கும். உரித்துத் தின்ன முடியாது. அந்த வட்டாரத்துக் கசப்பு ஆரஞ்சு கப்பலேறிப் பிரித்தானியாவுக்குப் போய், தோலோடு சர்க்கரையில் வெந்து மார்மலேடு ஆகிறது. சிசிலிக்காரர்கள் இனிப்பு ஆரஞ்சை வட்ட வில்லைகளாக அரிந்து, வெங்காயமும் கறுப்பு ஆலிவும் சோம்புக் கிழங்கும் சேர்த்து, உப்பும் ஆலிவ் எண்ணெயும் விட்டுச் சாப்பிடுவார்கள். சோம்புக் கிழங்கு என்பது நாம் விதையை மட்டும் வாங்கும் பெருஞ்சீரகச் செடியின் ஒரு வகை. அதன் தடித்த அடித்தண்டு. பழத்துக்கு உப்பும் எண்ணெயுமா என்று தோன்றும். மாங்காய் வில்லைக்கு மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டுச் சாப்பிட்ட நாக்குக்கு அது அந்நியமே இல்லை. சாத்துக்குடிச் சுளை, சின்ன வெங்காயம், நுணுக்கிய சோம்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் என்று நம் பொருள்களிலேயே இதைச் செய்யலாம்.

கசப்பை அடக்குவதில் சர்க்கரையைவிட உப்புக்குத் திறமை அதிகம் என்பதை உப்பு ஊறுகாய் போட்டவர்கள் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். 1997-இல் பிரெஸ்லின், போஷாம்ப் என்ற இரு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் இதை நாக்கின் பரிசோதனையாக நிறுவினார்கள்: உப்பு கசப்பை அமுக்கும்போது, கசப்பு மறைத்து வைத்திருந்த மற்றச் சுவைகள் எழுந்து வருகின்றன. மத்தியதரைக்கடல் ஜாடியும் அரியலூர் ஜாடியும் சந்திக்கிற இடம் இதுதான்.

மொராக்கோ வீடுகளில் செய்யும் முறை எளிமையானது. எலுமிச்சையை அடிவரை பிளக்காமல் நான்காகக் கீறுவார்கள். கீறலுக்குள் உப்பை அடைப்பார்கள். கண்ணாடி ஜாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி அடுக்கி, சொந்தச் சாற்றிலேயே அவை முழுகும்படி செய்வார்கள். சாறு போதாவிட்டால் மேலும் பிழிந்து ஊற்றுவார்கள். மிளகாய் இல்லை, எண்ணெய் இல்லை, வெயிலும் இல்லை. ஒரு மாதம் நிழலில் இருந்தால் தோல் கண்ணாடிபோல் மினுங்கி மிருதுவாகிவிடும். பிறகு சதையை நீக்கி, தோலைக் கழுவி நறுக்கி, ஆலிவும் கோழியும் வேகும் தஜீன் என்ற கூம்பு மூடி மண்சட்டியில் போடுவார்கள். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் சுல்தான் சலாவுதீனுக்கு மருத்துவராக இருந்த இப்னு ஜுமை எலுமிச்சையைப் பற்றித் தனி நூலே எழுதினார். கீறி உப்பிட்டுச் சாற்றில் ஊறவைக்கும் முறை அதிலேயே இருக்கிறது.

அந்தச் சுவையோடு வளர்ந்த ஒருவர் நம் பக்கம் வந்து சாட்சி சொல்லிப் போயிருக்கிறார். மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304-இல் பிறந்த இப்னு பதூதா 1340-களில் மேற்குக் கரையில் ஹொன்னாவர் அரசரின் விருந்தில் உட்கார்ந்தார். சோறு பரிமாறினார்கள். கூடவே உப்பில் ஊறிய மிளகு, பச்சை இஞ்சி, எலுமிச்சை, மாங்காய். ஒரு வாய் சோறு, பின்னாலேயே ஒரு கடி ஊறுகாய் என்று உண்ணும் பழக்கத்தைப் பயணக் குறிப்பில் பதிவு செய்தார். இன்னோரிடத்தில், முற்றாமல் விழுந்த மாங்காயை இந்தியர்கள் உப்பிடுவதைச் சொல்லிவிட்டு, எங்கள் நாட்டில் எலுமிச்சையைச் செய்வதைப் போல என்று ஒப்பிடுகிறார். அவரே பிறகு மதுரைச் சுல்தானைக் காணத் தமிழகத்துக்கும் வந்தார். வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான கல் தள்ளி வந்த மனிதருக்கு, இலையோரத்து ஊறுகாய் சொந்த ஊரை நினைவூட்டியிருக்கிறது.

இனி நம் ஜாடி. நார்த்தங்காய்ச் சுருள் போடுகிற கையை ஒரு முறையேனும் அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காயைக் கழுவி ஈரம் போகத் துடைத்து நிழலில் வைத்துவிடுவார்கள். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். பிறகு அரிவாள்மனையில் காயை வைத்து, காம்புப் பக்கத்திலிருந்து கையைத் திருப்பிக்கொண்டே போவார்கள். கத்தி அசையாது, காய்தான் சுழலும். அறுபடாமல் அடிவரை ஒரே நாடாவாக வரவேண்டும். விரித்தால் சுருள்வில், விட்டால் மறுபடி காய். அந்த மடிப்புகளுக்குள் கல் உப்பைத் திணித்து, பழைய வடிவத்துக்கே அமுக்கி ஜாடியில் அடுக்குவார்கள். வாயைத் துணியால் கட்டி, தினம் ஒரு முறை ஜாடியைக் குலுக்குவார்கள். மூன்று நான்கு நாளில் காய் சாறு விட்டு மிதக்கும்.

அப்போது தொடங்குகிறது வெயில் வேலை. காலையில் சுருள்களை எடுத்து முறத்தில் பரப்பி மாடியில் வைப்பார்கள். சாயங்காலம் மறுபடி அதே உப்புச் சாற்றில் போடுவார்கள். பகலில் காய்ந்தது இரவில் குடிக்கும். இப்படிச் சாறு முழுவதையும் சுருளே உறிஞ்சும்வரை நடக்கும். கடைசியில் உப்புப் பூத்து, பழுப்பேறி, விரலால் தட்டினால் ஓசை வரும் அளவுக்குக் காய்ந்துவிடும். ஆண்டுக் கணக்கில் இருக்கும். நாள்பட நாள்படக் கறுத்து, கசப்பு அடங்கி, வாயில் வைத்தால் முதலில் உப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் தோலின் மணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக விரியும்.

அவர்கள் நிழலில் வைக்கிறார்கள், நாம் வெயிலில் வைக்கிறோம். இந்த வேறுபாட்டைப் பருவம் விளக்குகிறது. அங்கே பழம் கிடைக்கும் மாதங்கள் மழையும் மூடாக்கும் நிறைந்தவை. இங்கே வடகிழக்குப் பருவமழை கார்த்திகை, மார்கழியோடு ஓய்ந்து, தையில் வானம் துலங்கிவிடுகிறது. காய் குவியும் நாளும் காயவைக்கும் வெயிலும் ஒன்றாக வருகின்றன.

கிரேக்கத்திலும் ஒரு சுருள் உண்டு. கசப்பு ஆரஞ்சின் மேல்தோலை லேசாகச் சுரண்டிவிட்டு, தோலைப் பட்டைகளாக எடுப்பார்கள். பலமுறை நீர் மாற்றி வேகவைத்துக் கசப்பை இறக்குவார்கள். ஒவ்வொரு பட்டையையும் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, ஊசி நூலில் மாலையாகக் கோத்து, சர்க்கரைப் பாகில் காய்ச்சுவார்கள். வீட்டுக்கு வந்த விருந்தினருக்குச் சின்னத் தட்டில் ஒரே ஒரு சுருள், ஒரு கரண்டி, ஒரு குவளைக் குளிர்ந்த நீர். நம் வீடுகளில் வெல்லமும் புளியும் பச்சைமிளகாயும் சேர்த்துக் கொதிக்கும் கடாரங்காய் இனிப்புப் பச்சடி இதற்குத் தங்கை முறை.

இத்தனை ஒற்றுமையிலும் ஒரு வித்தியாசம் உறுத்துகிறது. அவர்கள் ஊறிய எலுமிச்சையைச் சட்டிக்குள் போட்டுச் சமைக்கிறார்கள். நாம் இலையின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். இந்தக் காய்க்கு நோயாளி உணவு என்ற முத்திரை விழுந்ததற்கும் அதுதான் காரணம். உப்பு நார்த்தையைச் சிறிது நேரம் வெந்நீரில் போட்டு உப்பைக் குறைத்து, பொடியாக அரிந்து, கோழி வறுவல் இறக்கும் நேரத்தில் தூவலாம். கொள்ளிடத்துக் கெண்டை மீனைப் பொரித்தெடுத்து அதன்மேல் போடலாம். கொண்டைக்கடலைச் சுண்டலில் மாங்காய்த் துண்டின் இடத்தில் சேர்க்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் நன்றாகக் கழுவிய தோலில் ஒரு சின்னத் துண்டு என்பது, ஊறுகாயை அப்படியே அள்ளி வைப்பதைவிட மேல்.

காசுக் கணக்கிலும் இதற்கு நியாயம் உண்டு. எலுமிச்சை மழைக்கும் பனிக்கும் மலிவாகக் குவிந்து, சித்திரை வெயிலில் தாகம் எடுக்கும்போது அருமையாகிவிடும். 2022 ஏப்ரலில் நாட்டின் பல சந்தைகளில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி வியாபாரிகளுக்கும் இந்த ஏற்ற இறக்கம் ஆண்டுதோறும் பழக்கம். மலிந்த மாதத்தில் வாங்கி உப்பிலிட்டு, கிராக்கி மாதத்தில் எடுத்து உண்பது என்பதே பழைய குடும்பக் கணக்கு.

கவலை மரத்தைப் பற்றித்தான். முன்பு கொல்லையில் கிணற்றுத் துவைகல் நீர் பாயும் இடத்தில் ஒரு நார்த்தை நிற்கும். கொல்லை கட்டடமானபோது முதலில் வெட்டுப்பட்டது அதுதான். முள் குத்தும், காயை யாரும் தின்பதில்லை என்று காரணம் சொன்னார்கள். மீண்டும் வளர்ப்பது கடினமில்லை. நல்ல காய் காய்க்கும் பழைய மரத்திலிருந்து பதியன் போட்டு எடுத்தால், விதைக்கன்றைவிடச் சீக்கிரம் பலன் தரும். நீர் பாய வேண்டும். வேரடியில் தேங்கக் கூடாது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் நிறைந்த பூமி. அத்தகைய மண் இரும்புச் சத்தை வேருக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுதான் அடையாளம். தொழு உரத்தைத் தாராளமாகப் போட்டு, தேவைப்பட்டால் இரும்பு சல்பேட்டுக் கரைசலை இலையில் தெளித்தால் மரம் தேறிவிடும்.

இந்த மாலை வீடு திரும்பும் வழியில் ஆயாவின் சாக்கு இன்னும் மடிக்கப்பட்டிருக்காது. ஆறு காய் வாங்கினால் போதும். மூன்றை வீட்டுப் பெரியவர் கையால் சுருளாக அறுத்து உப்பிட்டு மாடிக்கு அனுப்பலாம்; அந்த நேரத்தில் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற மூன்றை நான்காகக் கீறி உப்படைத்து, எலுமிச்சைச் சாறு முழுக ஊற்றி, கண்ணாடி ஜாடியில் அலமாரிக்குள் வைக்கலாம். நார்த்தைத் தோல் தடிப்பு என்பதால் அது இளக ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகும். பங்குனி வெயில் ஏறும்போது இரண்டும் தயாராக இருக்கும்: பழைய சோற்றுக்கு ஒரு சுருள், ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கு ஒரு கீற்று.